மகளுக்கு ஊசி, அம்மாவுக்கு டெஸ்ட்: கர்ப்பப்பைவாய்ப் புற்றுநோயைத் தடுக்க எங்கிருந்து தொடங்குவது?

மகளின் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் வழக்கமாக வீட்டுப்பாடம், வேன் தாமதம், காணாமல்போன தண்ணீர் பாட்டில் இவைதான் ஓடும். கர்ப்பப்பைவாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் எச்பிவி தடுப்பூசி பற்றி ஒருவர் கேட்ட அன்று மட்டும் நள்ளிரவு வரை செய்தி வந்துகொண்டே இருந்தது. "இந்த வயசுல எதுக்கு?", "போட்டா குழந்தை பிறக்காதாமே", "எங்க டாக்டர் போடச் சொன்னாங்க, நான்தான் யோசிக்கிறேன்." எல்லாமே பிள்ளைகளைப் பற்றிய கவலை. அத்தனை அம்மாக்களும் முப்பத்தைந்து, நாற்பது வயதுக்காரர்கள். "நான் டெஸ்ட் எடுத்துட்டேன்" என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. எடுத்திருந்தால்தானே?

இந்த நோயைத் தடுக்க இரண்டு வேலைகள் இருக்கின்றன. மகளுக்குப் போடும் ஊசி, அவளுக்கு இன்னும் இருபது முப்பது வருடம் கழித்து வரக்கூடிய நோயை இப்போதே தடுக்கிறது. அம்மா எடுக்கும் டெஸ்ட், அவளுக்கு இன்னும் சில வருடங்களில் வரக்கூடியதைத் தடுக்கிறது. ஊசியைப் பற்றித்தான் ஊரெல்லாம் பேச்சு. அவசரம் அதிகம் இருப்பது அம்மா பக்கத்தில். நான் டாக்டர் அல்ல. இரண்டு வேலைகளையும் ஒரே வருடத்தில் செய்து முடித்தவள், அவ்வளவுதான். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு வரிசையாகச் சொல்கிறேன்.

வைரஸைப் பற்றி இவ்வளவு தெரிந்தால் போதும்

எச்பிவி என்பது ஹியூமன் பாப்பிலோமா வைரஸ். 200-க்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. கை கால்களில் வரும் சாதாரண மருவும் இந்தக் குடும்பத்து வேலைதான். அவற்றில் சில வகைகள் தாம்பத்திய உறவின்போது, தோலோடு தோல் உரசுவதால் பரவுகின்றன. கர்ப்பப்பைவாய்ப் புற்றுநோய் வருவதற்கு ஏறக்குறைய எல்லோரிடத்திலும் இதுதான் காரணம். 16, 18 என்ற இரண்டு வகைகள் மட்டுமே சுமார் 70 சதவீதத்துக்குப் பொறுப்பு. இந்தத் தொடர்பைக் கண்டுபிடித்ததற்காக ஜெர்மனியின் ஹரால்ட் சூர் ஹவுசனுக்கு 2008-ல் நோபல் பரிசு கிடைத்தது.

இது எங்கோ யாருக்கோ வரும் வைரஸ் என்று நினைப்பதுதான் முதல் தவறு. மண வாழ்க்கையில் இருக்கும் பெரும்பாலானவர்களுக்கு, ஆணோ பெண்ணோ, எப்போதாவது ஒருமுறை தொற்றியிருக்கும். ஜலதோஷம் போல வந்து, தெரியாமலேயே போய்விடும். பெரும்பாலும் இரண்டு வருடத்துக்குள் உடம்பே துரத்திவிடுகிறது. சிலருக்கு மட்டும் போகாமல் தங்கிவிடும். தங்கிய வைரஸ் கர்ப்பப்பை வாயின் செல்களைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி, புற்றுநோயாக்க 15 முதல் 20 வருடம் எடுத்துக்கொள்கிறது. எச்ஐவி தொற்று உள்ளவர்களுக்கும் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கும் 5 முதல் 10 வருடம்.

அந்த நீண்ட இடைவெளிதான் நமக்குக் கிடைத்த அதிர்ஷ்டம். இடையில் ஒரே ஒருமுறை சரியாகப் பார்த்திருந்தாலும் பிடித்திருக்கலாம் என்ற நிலையில்தான், 2022-ம் ஆண்டின் கணக்குப்படி, இந்தியாவில் ஒரே வருடத்தில் 1.27 லட்சம் பெண்களுக்கு இந்த நோய் வந்தது. ஏறக்குறைய 80 ஆயிரம் பேர் இறந்தார்கள்.

"எங்க குடும்பத்துல யாருக்கும் இல்லையே" என்பதும் இங்கே செல்லாது. இது பரம்பரையாக வரும் நோய் அல்ல.

மகளுக்கு: ஊசி

9 முதல் 14 வயதுக்குள் போடுவது சிறந்தது. வைரஸ் உடம்புக்குள் வருமுன் போட்டால்தான் ஊசிக்கு முழுப் பலன். வந்து தங்கிவிட்ட வைரஸை அது விரட்டாது. "இந்த வயசுல எதுக்கு?" என்ற கேள்விக்குப் பதில் இதுதான். போலியோ சொட்டு மருந்தை நோய் வந்த பிறகா கொடுத்தோம்? தவிர, சின்ன வயதில் உடம்பு நன்றாக எதிர்ப்புச் சக்தி உண்டாக்குவதால் குறைந்த டோஸ் போதும். வயதுக்கு வந்துவிட்டாளா இல்லையா என்பது ஒரு பொருட்டல்ல. போடுவதற்கு முன் எந்த டெஸ்டும் தேவையில்லை. மாதவிலக்கு நாளாக இருந்தாலும் போடலாம்.

எத்தனை டோஸ்? தனியார் மருத்துவமனையில் 15 வயதுக்குக் கீழ் என்றால் வழக்கமாக ஆறு மாத இடைவெளியில் இரண்டு. 15 வயதைத் தாண்டிவிட்டால் மூன்று. ஒரு டோஸே போதும் என்று உலக சுகாதார நிறுவனம் 2022-ல் ஏற்றுக்கொண்டுவிட்டது. ஆகவே அரசுத் திட்டத்தில் ஒன்றுதான் போட்டார்கள் என்றால் ஏமாற்றிவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். இரண்டாவது டோஸ் தேதி தவறிவிட்டால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை; விட்ட இடத்திலிருந்து போடலாம்.

எந்த ஊசி? புனேயின் சீரம் இன்ஸ்டிட்யூட் தயாரிக்கும் செர்வாவாக் 2022-ல் அனுமதி பெற்றது. 6, 11, 16, 18 என்ற நான்கு வகைகளைத் தடுக்கும். கார்டசில் 9 என்ற இறக்குமதி ஊசி ஒன்பது வகைகளைத் தடுக்கும், விலையும் பல மடங்கு. என்னைக் கேட்டால், விலை உயர்ந்ததுக்குப் பணம் சேரட்டும் என்று இரண்டு வருடம் தள்ளிப்போடுவதைவிட, கையில் இருக்கும் காசுக்கு நான்கு வகை ஊசியை இந்த மாதமே போட்டுவிடுவது மேல். போகுமுன் போனில் மூன்றைக் கேளுங்கள்: ஊசி இருப்பு இருக்கிறதா, ஒரு டோஸ் என்ன விலை, டாக்டர் ஃபீஸ் தனியா.

காசு கொடுக்காமல் கிடைக்குமா என்பதையும் பாருங்கள். 14 வயதுப் பெண்பிள்ளைகள் அனைவருக்கும் படிப்படியாக இந்த ஊசி போட, தமிழ்நாட்டின் 2025-26 பட்ஜெட்டில் 36 கோடி ரூபாய் அறிவித்தார்கள். உங்கள் பக்கம் எப்படி என்று மகளின் பள்ளியிலும், பகுதியின் கிராம சுகாதார செவிலியரிடமும் கேளுங்கள். இலங்கையில் இருப்பவர்களுக்கு இந்தத் தேடல் இல்லை. அங்கே 2017 முதல் ஆறாம் வகுப்புப் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளியிலேயே போடுகிறார்கள்.

ஊசி போடும் நாளன்று வயிறு காலியாக அனுப்பாதீர்கள். கையில் வலி, லேசான காய்ச்சல், தலைவலி வரலாம். ஓரிரு நாளில் போய்விடும். இந்த வயதுப் பிள்ளைகள் ஊசியைக் கண்டே மயங்கி விழுவதுண்டு. அதனால் போட்டதும் 15 நிமிடம் உட்கார வைத்துத்தான் அனுப்புவார்கள். "எனக்கு ஒண்ணும் இல்லம்மா" என்று எழுந்து ஓடினாலும் விடாதீர்கள்.

பையன்களுக்கும் போடலாம். தொண்டை, ஆணுறுப்பு, ஆசனவாய்ப் புற்றுநோய்களில் இதே வைரஸுக்குப் பங்கு உண்டு. ஒரு ஊசிக்குத்தான் பணம் இருக்கிறது என்றால் முதலில் மகளுக்கு.

அந்த வதந்தி எங்கிருந்து வந்தது?

"ஊசி போட்டுப் பிள்ளைங்க செத்துப்போச்சு" என்று பத்து வருடத்துக்கு மேலாக ஒரு செய்தி சுற்றுகிறது. அதை முட்டாள்தனம் என்று ஒதுக்கிவிட முடியாது, அதன் வேரில் நடந்த விஷயம் ஒன்று இருக்கிறது. 2009-ல் அன்றைய ஆந்திரப் பிரதேசத்தின் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வதோதராவிலும் ஆயிரக்கணக்கான பிள்ளைகளுக்கு இந்த ஊசியைப் போட்டார்கள். பின்னர் ஏழு பிள்ளைகள் இறந்த செய்தி வெளியானது. விசாரணையில் அந்த மரணங்களுக்கும் ஊசிக்கும் தொடர்பு இல்லை என்று முடிவானது. தண்ணீரில் மூழ்கியது, பாம்பு கடித்தது, விஷம் என்று காரணங்கள் வேறு. ஆனால் பெற்றோரிடம் முறையாகச் சம்மதம் வாங்கவில்லை, பல விடுதிகளில் வார்டன்களே கையெழுத்துப் போட்டிருந்தார்கள் என்பதும் அதே விசாரணையில் தெரிந்தது. கோபப்பட வேண்டிய விஷயம்தான். அந்தக் கோபம் சம்மதம் வாங்காதவர்கள் மேல் இருக்கட்டும். உங்கள் வீட்டுக்கு வரும் படிவத்தைப் படித்து, கேட்க வேண்டியதைக் கேட்டு, நீங்களே கையெழுத்துப் போடுங்கள்.

அந்தச் சர்ச்சையால் 2010-ல் அரசு எச்பிவி ஊசி ஆய்வுகளை எல்லாம் நிறுத்தச் சொன்னது. இரண்டு டோஸா மூன்றா என்று ஒப்பிட இந்தியாவின் பல இடங்களில் நடந்துகொண்டிருந்த தனி ஆய்வு ஒன்றும் பாதியில் நின்றது. திண்டுக்கல் மாவட்டம் ஒட்டன்சத்திரம் பக்கத்து அம்பிளிக்கையும் அதில் ஒரு மையம். ஒரே ஒரு டோஸோடு நின்றுபோன பிள்ளைகள் சுமார் 5,000 பேர். பத்து வருடம் அவர்களைத் தொடர்ந்து பார்த்ததில், 16, 18 வகைகள் உடம்பில் தங்காமல் அந்த ஒரு டோஸே சுமார் 95 சதவீதம் தடுத்திருக்கிறது என்று 2021-ல் தெரிந்தது. இன்று உலகம் ஒரு டோஸ் போதும் என்று பேசுவதற்கு, தடைபட்ட அந்த ஆய்வும் ஒரு முக்கியக் காரணம்.

குழந்தைப் பேறு விஷயம்: ஊசியில் இருப்பது வைரஸின் வெளிக்கூட்டைப் போலச் செய்த வெறும் புரதம். உள்ளே மரபணு கிடையாது, அதனால் தொற்றை உண்டாக்க முடியாது. குழந்தை பிறக்காமல் போனதாக எந்த நாட்டிலும் காணவில்லை. ஆஸ்திரேலியாவில் 2007-லிருந்தும் பிரிட்டனில் 2008-லிருந்தும் போடுகிறார்கள். அந்தப் பிள்ளைகளில் பலர் இன்று தாய்மார்கள். ஸ்காட்லாந்தில் 12, 13 வயதில் முழுமையாக ஊசி போட்டுக்கொண்ட பெண்களிடம், இந்தப் புற்றுநோய் ஒருவருக்குக்கூட வரவில்லை என்று 2024-ல் வெளியான ஆய்வு சொன்னது.

உங்களுக்கு: டெஸ்ட்

"நானும் ஊசி போட்டுக்கலாமா?" என்று கேட்கும் முப்பத்தைந்து வயதுக்காரர்களுக்கு: டாக்டர் ஆலோசனையோடு 45 வயது வரை சில ஊசிகளைப் போடலாம், ஆனால் பலன் குறைவு. கையில் ஓரளவுதான் பணம் என்றால் அதை டெஸ்டுக்குச் செலவழியுங்கள். 30 வயதானதும் தொடங்குங்கள், உடம்பில் ஒரு தொந்தரவும் இல்லாவிட்டாலும். தொந்தரவு வருமுன் பார்ப்பதற்குத்தான் இந்த டெஸ்டே.

மூன்று விதம் உண்டு.

முதலாவது, அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் செய்வது. கர்ப்பப்பை வாயில் வினிகரில் இருக்கும் அதே அசிட்டிக் அமிலத்தை நீர்க்கத் தடவி, ஒரு நிமிடம் காத்திருந்து பார்ப்பார்கள். மாறிய செல்கள் இருந்தால் அந்த இடம் வெள்ளையாகத் தெரியும். விஐஏ என்று சீட்டில் எழுதியிருக்கும். தொற்றா நோய்ப் பிரிவு நர்ஸிடம் கேட்டால் போதும். காசு கிடையாது, முடிவும் அங்கேயே தெரிந்துவிடும். இலவசம்தானே என்று குறைத்து மதிப்பிட வேண்டாம். 2000-ம் ஆண்டு தொடங்கி திண்டுக்கல் மாவட்டத்தில் 30 முதல் 59 வயதுப் பெண்களிடம் இதைச் செய்து பார்த்தார்கள். பயிற்சி பெற்ற நர்ஸுகள்தான் பார்த்தார்கள், தேவைப்பட்டவர்களுக்குச் சிகிச்சையும் அவர்களே கொடுத்தார்கள். ஒரே ஒருமுறை பார்த்ததிலேயே நோய் 25 சதவீதமும் மரணம் 35 சதவீதமும் குறைந்தன என்று 2007-ல் உலகுக்குச் சொன்னது அந்த ஆய்வு. ஒட்டன்சத்திரம் என்றால் காய்கறிச் சந்தை மட்டுமே நினைவுக்கு வருகிறவர்கள் இதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

இரண்டாவது, பேப் ஸ்மியர். சின்ன பிரஷால் செல்களைத் தடவி எடுத்து லேபில் மைக்ராஸ்கோப்பில் பார்ப்பது. மூன்று வருடத்துக்கு ஒருமுறை எடுக்க வேண்டும்.

மூன்றாவது, எச்பிவி டிஎன்ஏ டெஸ்ட். வைரஸ் இருக்கிறதா என்றே நேராகப் பார்ப்பதால் மூன்றில் இதுதான் அதிகம் பிடிக்கும். நெகட்டிவ் வந்தால் 5 முதல் 10 வருடம் வரை கவலை இல்லை. விலை கூடுதல். இதற்கான மாதிரியை நாமே உள்ளே பிரஷ் விட்டு எடுத்துக் கொடுக்கவும் வழி உண்டு. கூச்சத்தால் தள்ளிப்போடுகிறவர்கள் லேபில் அந்த வசதி இருக்கிறதா என்று கேட்கலாம். 35 வயதுக்குள் ஒருமுறை, 45 வயதுக்குள் இன்னொரு முறை இந்தத் தரமான டெஸ்ட் எடுத்துவிட வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் இலக்கு.

எது கிடைக்கிறதோ அதை எடுங்கள். ஒன்று மட்டும் கவனியுங்கள்: மாதவிலக்கு நின்ற பிறகு, பார்க்க வேண்டிய பகுதி உள்ளே தள்ளிப்போய்விடுவதால் விஐஏ அவ்வளவு சரிப்படாது. அம்மாவையோ மாமியாரையோ அழைத்துப் போகிறீர்கள் என்றால் மற்ற இரண்டில் ஒன்றைக் கேளுங்கள்.

தயாராவதற்கு அதிகம் இல்லை. மாதவிலக்கு இல்லாத நாளாகப் பாருங்கள். தொடங்கியதிலிருந்து பத்தாம் நாளுக்கும் இருபதாம் நாளுக்கும் இடையில் வசதி. இரண்டு நாள் முன்பிருந்து உறவும், உள்ளே வைக்கும் மருந்துகளும் வேண்டாம். கர்ப்பமாக இருந்தால் முதலிலேயே சொல்லுங்கள். புடவையோ, தளர்வான பாவாடை மாதிரி ஏதாவதோ உடுத்திக்கொண்டு போனால் முழுதாகக் கழற்ற வேண்டியிருக்காது. நான் சுடிதாரில் போய்த் திண்டாடினேன்.

உள்ளே என்ன நடக்கும்? மல்லாந்து படுத்து முழங்காலை மடக்க வேண்டும். ஸ்பெகுலம் என்ற கருவியை உள்ளே வைத்து விரிப்பார்கள். வலியைவிட, யாரோ உள்ளே அழுத்துகிற உணர்வுதான் அதிகம். வயிற்றை இறுக்கினால் கஷ்டம். வாயைத் திறந்து மூச்சை விட்டால் எளிது. ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். பெண் டாக்டரோ நர்ஸோதான் வேண்டும் என்று கேட்பது உங்கள் உரிமை. கூட ஒருவரை நிறுத்திக்கொள்ளலாம். வலித்தால் "நிறுத்துங்க" என்று சொல்லுங்கள்.

பாசிட்டிவ் என்று வந்தால்

இந்தச் சொல்தான் பெண்களை உடைத்துவிடுகிறது. இரண்டு விஷயங்களை மனதில் வையுங்கள்.

ஒன்று, பாசிட்டிவ் என்றால் புற்றுநோய் அல்ல. வைரஸ் இருக்கிறது, அல்லது இன்னும் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டிய இடம் இருக்கிறது என்றுதான் பொருள். சாதாரணப் புண், அழற்சி இருந்தால்கூட விஐஏவில் வெள்ளையாகத் தெரியலாம்.

இரண்டு, இதை வைத்து யார் மேலும் பழி போட முடியாது. வைரஸ் வருடக்கணக்கில் சத்தமில்லாமல் உடம்பில் இருக்கக்கூடியது. எப்போது வந்தது, யாரிடமிருந்து வந்தது என்று எந்த டெஸ்டும் சொல்லாது. "உனக்கு எப்படி வந்துச்சு?" என்று வீட்டில் கேட்டால், "கல்யாணமான யாருக்கு வேணும்னாலும் இருக்கும், எப்ப வந்துச்சுன்னு டாக்டராலயே சொல்ல முடியாது" என்று சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பாருங்கள். வீட்டுக்காரரை டாக்டர் முன்னால் ஒருமுறை உட்கார வைத்தால் பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும்.

அடுத்த வேலை கால்போஸ்கோபி. பெரிதாக்கிக் காட்டும் கருவியால் கர்ப்பப்பை வாயைப் பார்ப்பது. சந்தேகம் இருந்தால் சின்னத் துணுக்கு எடுத்து பயாப்சிக்கு அனுப்புவார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கோ மருத்துவக் கல்லூரிக்கோ சீட்டு எழுதிக் கொடுப்பார்கள். முகாமில் பாசிட்டிவ் என்று தெரிந்தும் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகாமல் விட்டுவிடுகிறவர்கள் இங்கேதான் நழுவுகிறார்கள். அறுவடை, பிள்ளைகளின் பரீட்சை, பஸ் காசு, அன்றைய கூலி என்று காரணங்கள் எல்லாம் நியாயமானவைதான். அதனால் சீட்டு வாங்கும்போதே எந்தக் கிழமை போக வேண்டும், எந்த அறை, யாரைப் பார்க்க வேண்டும் என்று அதன் பின்பக்கம் எழுதி வாங்குங்கள். நர்ஸின் போன் நம்பரையும் வாங்கிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் அரை நாள் வரிசை வரிசையாக மாறி நின்று, அலுத்துத் திரும்பிவிடுவீர்கள்.

முன்நிலை மாற்றம், அதாவது செல்கள் மாறியிருந்தாலும் இன்னும் புற்றுநோய் ஆகாத நிலை என்று தெரிந்தால் சிகிச்சை எளிது. கிரையோதெரபியில் குளிரால் உறைய வைப்பார்கள். தெர்மல் அப்லேஷனில் சூட்டால் அந்த இடத்தை அழிப்பார்கள். இரண்டும் சில நிமிட வேலை, அன்றே வீட்டுக்கு வந்துவிடலாம். கொஞ்சம் பெரிதாக இருந்தால் லீப் என்ற முறையில், மின்சாரம் பாயும் மெல்லிய கம்பி வளையத்தால் அந்தப் பகுதியை மட்டும் எடுப்பார்கள். பிறகு சில வாரம் தண்ணீர் போலப் படும். சுமார் ஒரு மாதம் உறவு வேண்டாம்.

ஒரு எச்சரிக்கை. "எதுக்கு ரிஸ்க், கர்ப்பப்பையையே எடுத்துடலாம்" என்று யாராவது சொன்னால், பயாப்சி முடிவைக் கையில் வாங்கிக்கொண்டு இன்னொரு டாக்டரைப் பாருங்கள். முன்நிலை மாற்றத்துக்குப் பெரும்பாலும் அது தேவைப்படாது. நம் ஊரில் கர்ப்பப்பை எடுக்கும் ஆபரேஷன் பல் பிடுங்குவது போல ஆகிவிட்டது என்பது என் வருத்தம்.

புற்றுநோயாகவே இருந்தாலும் ஆரம்ப நிலையில் குணப்படுத்தக்கூடியது. முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை இருந்தால் அதில் சிகிச்சைக்கு வழி உண்டு. அட்டை இல்லையென்றால் அந்த ஆஸ்பத்திரியின் காப்பீட்டுப் பிரிவிலேயே கேளுங்கள்.

டெஸ்ட் முறை வரும் வரை காத்திருக்கக் கூடாதவை

உறவுக்குப் பிறகு ரத்தம். இரண்டு மாதவிலக்குக்கு நடுவில் ரத்தம். மாதவிலக்கு நின்று வருடக்கணக்கான பிறகு திடீரென்று ரத்தம், ஒரு சொட்டாக இருந்தாலும். நாற்றத்தோடு வெள்ளைப்படுதல். இவற்றில் எது இருந்தாலும் முகாம் எப்போது வரும் என்று பார்க்காமல் மகப்பேறு டாக்டரிடம் நேராகப் போங்கள். பெரும்பாலும் வேறு சாதாரணக் காரணமாகத்தான் இருக்கும். "சூடு" என்று மோர் குடித்து ஆறு மாதம் ஓட்ட வேண்டாம்.

எழுதி வைப்பது

ஊசி போட்ட பிள்ளைகளும் 30 வயதானதும் டெஸ்ட் எடுக்க வேண்டும். ஊசி எல்லா வகை வைரஸையும் தடுப்பதில்லை. அதற்குள் இந்த ஊசி போட்டோமா இல்லையா, எந்த ஊசி, எத்தனை டோஸ் என்பதெல்லாம் மறந்துவிடும். ஊசியின் பெயர், தேதி, பேட்ச் நம்பர் மூன்றையும் அட்டையில் எழுதச் சொல்லி, போட்டோ எடுத்து வையுங்கள். உங்கள் அடுத்த டெஸ்ட் எப்போது என்பதையும் அதே அட்டையின் பின்பக்கம் எழுதுங்கள். தினசரி காலண்டரில் குறித்தால் டிசம்பரோடு போய்விடும். என் மகளின் அட்டை இப்போது ரேஷன் கார்டு கவருக்குள் இருக்கிறது. மாதம் ஒருமுறை எப்படியும் கையில் எடுத்துத்தானே ஆக வேண்டும்.